ரேடியேட்டர் அக்காவின் கேள்வி

கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் திறந்தேன். துணியைப் போட்டுத் திருகினால் ஒன்றும் ஆகாது என்று எவனோ சொன்னதை நம்பி, தோளில் கிடந்த துண்டைப் போட்டுத் திருகினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ரேடியேட்டர் அக்காவின் கொட்டகைக்குள் முதல் தடவையாக நுழைந்தேன்.

பெரம்பலூரை விட்டு அரியலூர் ரோட்டில் ஏறியதும் இடது கைப்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. இப்போது அங்கே டயர் கடை. அக்கா ஜெயங்கொண்டத்துக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அன்றைக்கு அந்தக் கொட்டகை நடுவில் ஒரு சிமெண்டுத் தொட்டி, நிறையத் தண்ணீர். ஓட்டை இருக்கிற ரேடியேட்டரை அதில் முக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்தால் முட்டை முட்டையாகக் குமிழி வரும். வந்த இடத்தில் ஈயம் வைத்து அடைப்பார். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் கண்ணாடி. சுண்ணாம்புக்கல் ஏற்றி அரியலூர் பக்கம் ஓடுகிற லாரிக்காரர்கள், சோளம் ஏற்றுகிற டிராக்டர்காரர்கள், என்னை மாதிரி வெங்காய வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் அவர் அக்காதான். பெயர் என்னவென்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேள்வி கேட்கிற வேலை அங்கே அவர் ஒருவருக்கு மட்டுமே உரியது.

என் வெந்த கையைப் பார்த்ததும், "ஐயய்யோ" என்பார் என்று எதிர்பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து களிம்பு டியூபை எடுத்து நீட்டிவிட்டு, "எப்ப கொதிச்சுது?" என்றார்.

"இப்பத்தாங்க்கா. அரும்பாவூர்லேருந்து லோடோட வந்தேன். வழியில இருக்குற மேட்டுல ஏறுறப்ப."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நல்லாத்தான் ஓடுச்சு."

"நல்லா ஓடுன வண்டி எதுக்குக் கொதிக்குது? தானா எதுவும் கெடாது தம்பி. அதுக்கு முன்னாடி என்ன பண்ணுன?"

இதுதான் அக்கா. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே பிழைப்பை ஓட்டினார். வந்தவன் சொல்லுகிற முதல் பதிலை அவர் நம்பியதே இல்லை. இரண்டாவது பதிலைப் பாதி நம்புவார். மூன்றாவது பதில் வரும்போதுதான் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டுவார்.

ஒரு நாள் ஒரு டிப்பர் டிரைவர் நசுங்கிய ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரோட்டில் கல் தெறித்து அடித்துவிட்டது என்றான். அக்கா ஈயத்தை உருக்கிக்கொண்டே, "அதுக்கு முன்னாடி?" என்றார். முன்னால் போன வண்டி திடீரென்று பிரேக் போட்டது என்றான். "அதுக்கு முன்னாடி?" ரோட்டோரம் ஒதுங்கினேன் என்றான். "அதுக்கு முன்னாடி?" கொஞ்சம் கண் அசந்துவிட்டது என்றான். டீ ஆறுவதற்குள் கல் போய் புளியமரம் ஆகிவிட்டது. "ரேடியேட்டர அடைச்சுத் தரேன். போயி நல்லாத் தூங்கிட்டு, சாயந்தரமா வந்து வாங்கிக்க" என்று அனுப்பினார். அவன் எதிரே நின்ற வண்டி நிழலில் படுத்துக் குறட்டை விட்டது எனக்கே கேட்டது.

வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு டிராக்டர்காரர் வருவார். ஒழுகுகிற ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டினால் அடைத்துக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, ஒரு பொட்டலத்தையே கொட்டிவிட்டார். ஒழுகலும் நின்றது, தண்ணீர் ஓடுவதும் நின்றது. "அக்கா, சும்மா ஒரு தடவ பாருங்க" என்று அப்பாவி போல நின்றார். அக்கா மூடியை மோந்து பார்த்துவிட்டு, "குழம்பு நல்லாத்தான் இருக்கு. உப்புத்தான் போடல" என்றார்.

இன்னொரு வயசான டிரைவர். அவருடைய ரேடியேட்டருக்கு என்ன கோளாறு என்று எனக்கு மறந்துவிட்டது. இரண்டு மூன்று 'அதுக்கு முன்னாடி' தாண்டியதும் அவர், கூடப் பிறந்த அண்ணனோடு பல வருஷமாகப் பேச்சில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அக்காவே ஆடிப்போய்விட்டார். "அதுக்கெல்லாம் எங்கிட்ட ஈயம் இல்லீங்க. ரேடியேட்டர மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்றார். ஆனால் அன்றைக்கு அவருக்குப் போட்ட டீயில் சர்க்கரை அதிகம்.

இதனால் சில பேர் அந்தக் கடைப்பக்கமே வரமாட்டார்கள். கொட்டகை முன்னால் வண்டி நிறுத்தினால் வீட்டுக் கதையெல்லாம் கக்க வேண்டியிருக்கும் என்று பயம். அவர் கேட்டதெல்லாம் சரியாக முடிந்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். ஒரு தடவை, போர் தண்ணீரை ஊற்றி உப்புப் படிய வைத்துவிட்டேன் என்று காலை முழுக்க என்னை உரித்தெடுத்தார். நானும் ஊற்றினேன் என்று ஒப்புக்கொண்டேன். ஊற்றாத தண்ணீரை எல்லாம் சேர்த்து ஒப்புக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. "சரி, அதையும் பண்ணியிருக்க, இதையும் பண்ணியிருக்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். தோற்றதாக முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

இப்போது என் வண்டிக்கு வருகிறேன். பழைய ஆறு சக்கர லாரி. குரும்பலூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது அதைப் போல ஒரு சமர்த்து உலகத்திலேயே கிடையாது. காலி வண்டியாகவும் கொதிக்காது. சின்ன வெங்காய மூட்டை ஏறியதும், அந்த மேடு வந்ததும், ஹீட் மீட்டர் முள் எழுந்து நிற்கும். புகை வரும். ஓரம் கட்டுவேன். நான் நிற்க நிற்க மூட்டைக்குள் வெங்காயம் வியர்க்கும். வியர்த்த வெங்காயத்தைத் திருச்சி மண்டியில் யாரும் சீந்தமாட்டார்கள்.

நான் விடுவேனா? போனில் பத்து வீடியோ பார்த்தவன் பாதி மெக்கானிக். மூடியை மாற்றினேன். தெர்மோஸ்டாட் வால்வு சூட்டுக்குக் காரணம் என்று ஒருவன் சொன்னான், கழற்றிக் கடாசினேன். வாட்டர் பம்பை மாற்றினேன். ஹெட் கேஸ்கட் போயிருக்கும் என்று இன்னொருவன் சொன்னான், இன்ஜினைப் பிரித்தேன், அது நன்றாக இருந்தது, மறுபடி மூடினேன். வண்டியில் பழைய சாமான் என்று பார்த்தால் கடைசியில் நான் ஒருவன்தான் மிச்சம்.

மண்டிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார். "இன்னொரு தடவ வழியில நின்னீங்கன்னா, அடுத்த லோடு வேற வண்டிக்குப் போயிரும்." லோடு போனால் வண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் மச்சினன் காத்துக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளைதான், அதுதான் எரிச்சல். "வண்டிய எங்கிட்ட வுட்டுருங்க மாமா. நீங்களே டிரைவரா இருங்க, மாசாமாசம் சம்பளம் தந்துடுறேன்" என்பான். என் வண்டியில் நானே கூலிக்கு! பொண்டாட்டியின் தம்பியிடம் லீவு கேட்டு நிற்கிற காட்சி எனக்குத் தூக்கத்தில்கூட வரும்.

இதையெல்லாம் சொன்னதும் அக்கா ரேடியேட்டரை இறக்கித் தொட்டியில் முக்கினார். ஒரு குமிழி இல்லை. திரும்ப மாட்டி, கழற்றி எறிந்த வால்வுக்குப் பதிலாகப் புதிது வாங்கி வரச் சொல்லிப் போட வைத்தார். ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். முள் அசையவில்லை. "நாளைக்கு லோடு ஏத்தப் போறப்ப நானும் வரேன்" என்றார்.

"நீங்களாக்கா? லாரியிலயா?"

"ஏன், ஒன் வண்டியில பொம்பள ஏறுனா ஓடாதா?"

லோடு வண்டியில் பொம்பளைகளை ஏற்றக் கூடாது என்று என் மனைவி பூங்கோதையிடம் பல வருஷமாக நான்தான் சட்டம் பேசிவந்தேன்.

மறுநாள் அக்கா வந்தார். சட்டையைச் சேலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தார். அரும்பாவூரில் மூட்டை ஏற்றும் வரை வேப்பமரத்தடியில் பேப்பர் படித்தார். கிளம்பினோம். முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த மேடு வந்தது. முள் எழுந்தது. இந்தத் தடவையும் நின்றால் மண்டிக்காரர் அடுத்த லோடு தரமாட்டார்.

"ஓரங்கட்டு. இன்ஜின அணைக்காத" என்றார்.

இறங்கினார். நானும் இறங்கினேன். வண்டி சூடானால் நான் வழக்கமாகச் செய்கிற ஒரு வேலை உண்டு. ஆறுகிற வரை சும்மா நிற்பானேன் என்று, முன்பக்கம் மாட்டியிருந்த பெயர்ப் பலகையைத் துண்டால் துடைப்பேன். பளபளவென்று எவர்சில்வர் பலகை. வண்டியின் முகத்தை அடைத்து மாட்டியிருந்தேன். நடுவில் பூங்கோதை என்று புடைத்த எழுத்து, இரண்டு பக்கமும் தாமரை, உள்ளே பெட்டி கட்டி கலர் கலராக லைட்டு. கை தன்னால் துடைக்க ஆரம்பித்தது.

அக்கா என்னையே பார்த்தார். கையிலிருந்த பேப்பரில் ஒரு தாளை உருவிப் பலகை மேல் வைத்தார். தாள் நழுவிக் கீழே விழுந்தது.

"இன்ஜின் ஓடுறப்ப ஃபேன் காத்த உள்ள இழுக்கணும். தாளு ஒட்டிக்கணும். இது வுழுது" என்றார். "தம்பி, சூடு எப்பலேருந்து?"

"தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாடிலேருந்துக்கா."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லீங்க. ஆயுத பூஜதான் வந்துது."

"ஆயுத பூஜைக்கு என்ன பண்ணுன?"

"எல்லாரும் பண்றதுதாங்க்கா. கழுவி, பெயிண்ட் அடிச்சு, பூசணிக்கா ஒடச்சு..." அதோடு நிறுத்திவிட்டேன். பலகையை மாட்டியதும் அன்றைக்குத்தான். துடைத்துக்கொண்டிருந்த கையும் நின்றது.

நாள்கணக்காக இன்ஜினுக்குள்ளே கையை விட்டுத் துழாவியவன் நான். வெளியே வண்டியின் மூக்கையும் வாயையும் பொத்தி வைத்துவிட்டு, பொத்தின கைக்குத் தினமும் பாலிஷ் போட்டிருக்கிறேன். ரேடியேட்டரை இறக்கும்போதெல்லாம் பலகையை நானே பத்திரமாகக் கழற்றி, துண்டில் சுற்றி வைத்து, திரும்ப நானே மாட்டியும் இருக்கிறேன். என்னை என்ன சொல்ல!

"கழட்டு" என்றார் அக்கா.

"அக்கா, அது வந்து... அவ பேருக்கா. சும்மா கழட்ட முடியாது."

"அதுக்கு முன்னாடி?"

ஒரு சண்டை என்று சொன்னேன். என்ன சண்டை என்று கேட்டார். ஊரிலுள்ள வண்டியில் எல்லாம் பொண்டாட்டி பெயர் இருக்கிறது, உங்கள் வண்டியில் எங்கே என்று அவள் கேட்டாள், அதனால் மாட்டினேன் என்றேன். அக்கா கண்ணாடியை எடுத்தவர், மாட்டாமல் திரும்ப விட்டுவிட்டார். அந்தப் பதிலையும் அவர் நம்பவில்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

பலகையைக் கழற்றி மூட்டைகளுக்கு நடுவில் செருகினேன். இன்னொரு தாளை வைத்தார். சடக்கென்று ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் முள் இறங்கியது. அக்காவைக் கொட்டகையில் இறக்கிவிட்டு நேரே திருச்சி. வெங்காயம் வியர்க்கவில்லை, நான்தான் வியர்த்தேன். மண்டிக்காரர் மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "அடுத்த லோடு எப்ப?" என்றார். மச்சினனிடம் லீவு கேட்கிற வேலை ஒழிந்தது. சத்தியமாக, அழுகை வந்துவிட்டது எனக்கு.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அடுத்த சூடு ஞாபகம் வந்தது. பூங்கோதை வாசலிலேயே நின்றாள். வண்டியின் மொட்டை முகத்தைப் பார்த்தாள்.

"போர்டு எங்கங்க?"

"வெல்டிங் வுட்டுப்போச்சு. கழண்டு வுழுந்துருச்சு."

அவள் பதறவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அதுக்கு முன்னாடி?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரைக் குறை சொல்வது? அக்கா கடைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கேள்வியை வீட்டுக்கு ஏற்றி வந்தவனே நான்தான். சாம்பார் அடிப்பிடித்தால், "அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்த?" மிக்சி நின்றால், "தானா எதுவும் கெடாது, அதுக்கு முன்னாடி?" துப்பறிவாளன் மாதிரி அடுப்படியில் நின்று கேட்பேன். அவளும் எவ்வளவு நாள்தான் பொறுப்பாள்?

"மேட்டுல வண்டி சூடாச்சு" என்றேன்.

"அதுக்கு முன்னாடி?"

"லோடு ஏத்துனேன்."

"அதுக்கு முன்னாடி, பக்கத்துல யார உக்கார வச்சுட்டுப் போனீங்க?"

அரும்பாவூரில் பார்த்தவன் எவனோ எனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டான்! ரேடியேட்டர் அக்காதான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பலகையையும் எடுத்துக் காட்டினேன். அவள் பலகையைப் பார்க்கவே இல்லை.

"அந்தச் சண்ட ஞாபகம் இருக்கா? நான் என்ன கேட்டேன்?"

"வண்டியில ஒம் பேரு இல்லன்னு கேட்ட."

"அதுக்கு முன்னாடி?"

தலையைச் சொறிந்தேன். அவளே சொன்னாள். "கல்யாணம் ஆயி இத்தன வருசம் ஆச்சு, ஒரு தடவயாவது என்னைய அதுல ஏத்திக்கிட்டுப் போயிருக்கீங்களான்னு கேட்டேன். நீங்க கம்முனு இருந்தீங்க. அந்தக் கோவத்துலதான், பேரக்கூட எழுதல நீங்கன்னேன். நீங்க பேர மட்டும் புடிச்சுக்கிட்டு, ஊரு சிரிக்கிற மாதிரி லைட்டு வேற போட்டு வந்தீங்க." வண்டியின் முகத்தைக் கையால் காட்டினாள். "முன்னாடி எம் பேரு போவுது. நான் வூட்டுல கெடக்கறேன்."

அடுத்த லோடுக்கு அவளையும் கூப்பிட்டேன். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஏறினாள். உயரமான சீட்டிலிருந்து ரோட்டைப் பார்த்து, "ஏங்க, எல்லாரு வூட்டு மாடியும் தெரியுது!" என்றாள். மூட்டை ஏற்றித் திரும்புகையில் அந்த மேடு வந்தது. முள்ளைக் காட்டி, "பாரு, அசையல" என்றேன்.

"அது கெடக்கட்டும். இவ்வளவு நாளும் என்னைய ஏன் ஏத்தல?"

"ரோடு மோசம்டி. சூடு வேற."

"அதுக்கு முன்னாடி?"

அக்காவிடம்கூட நான் இவ்வளவு தூரம் போனதில்லை. ஏற்றத்தில் வண்டி முனகிக்கொண்டிருந்தது. "கல்யாணமான புதுசுல வாலிகண்டபுரம் கோயிலுக்கு வண்டியில கூட்டிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"ஒங்க டிவிஎஸ்ஸுலயா? ஒங்க சொந்தக்காரங்க எல்லாரும் பாக்க என்னையச் சேத்துல போட்டீங்களே!"

"அதுலேருந்து நீ பக்கத்துல உக்காந்தாலே எனக்குக் கை நடுங்குது பூங்கோத. டிரைவர்ன்னு பேரு வச்சுக்கிட்டு, நீ பாக்குறப்ப கியரு போட வராம போயிட்டா என்ன பண்றதுன்னுதான்..."

சொல்லி முடிக்கவில்லை, மூன்றாவது கியர் விழாமல் வண்டி கர்ரென்று கத்தியது. அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பெரம்பலூர் வரும்வரை நிற்கவில்லை. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சேர்த்துச் சிரிப்பு வந்தது. அதற்குள் மறுபடி கியரைத் தவறவிட்டேன்.

கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்தினேன். அக்கா ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். சேறு, கியர், பலகை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அக்கா வெளியே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே பார்த்தார். பூங்கோதை ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள்.

அக்கா வாயைத் திறந்தார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லையே என்று பதறி, யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"போதும் தம்பி" என்றார் அக்கா. "கெளம்பு. வெங்காயம் வேத்துரப் போவுது."